மொத்தம் எட்டு

"சூரியனைச் சுற்றி வரும் கோள்கள் மொத்தம் ஒன்பது" என்று ஒலிப்பதிவுக் குரல் சொல்லி முடித்ததும் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிறுமி "தப்பு!" என்று கத்தினாள். கோளரங்கத்தின் இருட்டில் யாரென்று தெரியவில்லை. ஆனால் இந்த மாதிரி தைரியம் சட்டென்று தொற்றிக்கொள்ளும். அடுத்த நொடியே பக்கத்து இருக்கை, பின்னிருக்கை, கடைசியில் அறுபது பிள்ளைகளும் சேர்ந்து "எட்டு! எட்டு!" என்று காலால் தரையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆசிரியை அதட்டியது காட்சியை இயக்குகிற எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். தலைக்கு மேலே குவிமாடத்தில் கோள்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துகொண்டிருந்தன. குரல் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் நிதானமாகப் புதனைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று கதவோரத்தில் புதிய நிர்வாகி நின்றுகொண்டிருந்தார்.

காட்சி முடிந்ததும் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. அவரை எல்லோரும் மேடம் என்றுதான் சொல்வோம். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அதனாலேயே அவர் சொல்வதற்கு எதிர்வாதம் செய்வது கடினம்.

"சின்னப் பசங்களுக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியலயா?"

"தெரியும் மேடம். காட்சி முடிஞ்சதும் நானே மைக்ல சொல்லிடுவேன். ஒன்பதுன்னு கேட்டிருப்பீங்க, இப்ப எட்டுதான், புளூட்டோவக் கணக்குல இருந்து எடுத்துட்டாங்கன்னு."

"நாப்பது நிமிஷம் தப்பாச் சொல்லிட்டு, போகும்போது வாசல்ல மன்னிப்புக் கேட்டு அனுப்புறோம். அப்படித்தானே?"

அப்படித்தான். வேறொரு ஆள் தயாராக இருப்பதாக மேடம் சொன்னார். விளம்பரங்களுக்குப் பேசுகிறவர், ஒரே நாளில் முழுவதையும் புதிதாகப் பேசி முடித்துவிடுவாராம். நான் வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டேன். பழைய ஒலிப்பதிவையே திருத்திவிடுகிறேன் என்றேன். "வெள்ளிக்கிழமை நாலு மணிக் காட்சியில நானும் வந்து உக்கார்றேன். ஒரே ஒரு தப்பு இருந்தாலும் புதுக் குரல்தான்" என்றார். அது புதன்கிழமை.

அந்தக் குரல் எங்கள் டிக்கெட் அக்காவுடையது. இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால், கோளரங்கம் திறந்த புதிதில், பேச வேண்டியவர் ஜலதோஷத்தோடு வந்து நின்றிருக்கிறார். அப்போது கவுன்டரில் புதிதாகச் சேர்ந்திருந்த அக்காவின் கையில் தாளைக் கொடுத்து, எவ்வளவு நேரம் ஆகும் என்று சும்மா பார்ப்பதற்காகப் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். படித்து முடித்தபோது ஜலதோஷக்காரரே "இதையே வெச்சுக்கோங்க" என்று கிளம்பிவிட்டாராம். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தக் குரல் குவிமாடத்துக்குக் கீழே ஓடுகிறது. மூன்று வருடங்களுக்கு முன்னால் அக்காவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. நம் குரல்வளைக்குள் இரண்டு சிறிய மடிப்புகள் இருக்கின்றன. பேசும்போது அவை ஒன்றையொன்று தொட்டு அதிர வேண்டும். அவற்றில் ஒன்றை அசைக்கிற நரம்பு தைராய்டு சுரப்பியை ஒட்டித்தான் போகிறது. அங்கே வந்திருந்த கட்டியை எடுத்ததில் அந்த நரம்பு போய்விட்டது. இப்போது ஒரு மடிப்பு மட்டும் வந்து வந்து தொடப் பார்க்கிறது; மற்றொன்று எட்டிப்போய் நிற்கிறது. இடைவெளியில் காற்று கசிகிறது. அக்கா பேசுவது தகரத்தின் மேல் மணலைத் தேய்ப்பதுபோல் இருக்கும். நான்கு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்க வேண்டும். கவுன்டரில் "பெரியவர் எத்தனை, சிறியவர் எத்தனை" என்று ஒரு அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு விரலால் காட்டுகிறார்.

பழைய குரல் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்வரை அவர் அதை முழுதாக இழந்துவிடவில்லை என்று எனக்குள் ஒரு எண்ணம். அவரிடம் நான் கேட்டதில்லை. சில விஷயங்களைக் கேட்காமலே தெரியும் என்று நினைத்துக்கொள்கிற ஆள் நான். காட்சி தொடங்கியதும் அவர் கவுன்டரைப் பூட்டிவிட்டு வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் மேலும் கீழும் நடப்பார். வெயில், தூறல் எதுவானாலும் நடப்பார். காட்சி முடிகிற நேரத்துக்குச் சரியாகத் திரும்பி வருவார். சர்க்கரை இருக்கும்போல, டாக்டர் நடக்கச் சொல்லியிருப்பார் என்று அதற்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன்.

புதன்கிழமை கடைசிக் காட்சி முடிந்ததும் ஒலிப்பதிவைத் திறந்து உட்கார்ந்தேன். கழிப்பது சுலபமாக இருந்தது. வியாழனுக்குப் பதினாறு நிலவுகள் என்று அக்கா சொல்கிறார். அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவுதான், இன்றைக்கு நூறை நெருங்கிவிட்டது. ‘பதினாறு’ என்ற சொல்லை மட்டும் வெட்டினால் வியாழனுக்கு நிலவுகள் உண்டு, எத்தனை என்பது நம் பொறுப்பில்லை. சனிக்கும் அதே வைத்தியம். புளூட்டோ பகுதியில் ‘ஒன்பதாவதாக’ என்பதை எடுத்தேன். அடுத்த வாக்கியத்தில் அவர் அதை "இந்தக் குட்டிக் கோள்" என்று செல்லமாகச் சொல்லியிருக்கிறார். அறிவியலே பிறகு அந்த முடிவுக்குத்தான் வந்தது. சூரியனைச் சுற்றுவதும் உருண்டையாக இருப்பதும் மட்டும் போதாது, தன் பாதையில் வேறு பெரிய கற்கள் இல்லாதபடி அதைத் தனதாக்கிக்கொண்டிருந்தால்தான் கோள் என்று விதி செய்தார்கள். புளூட்டோவின் பாதை நெடுக அதைப் போன்ற பனிக்கட்டி உருண்டைகள் ஏராளம். அதனால் குறுங்கோள் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அக்காவின் வாக்கியம் ஒரு எழுத்து மாறாமல் நின்றது.

மாட்டிக்கொண்டது ‘மொத்தம் ஒன்பது’வில்தான். அந்த இடத்தில் ஒரு எண் வந்தே ஆக வேண்டும். அந்த எண்ணில்தான் இசை தொடங்கி விளக்குகள் வரிசையாக ஏறுகின்றன. அக்காவின் வாயிலிருந்து ஒரு ‘எட்டு’ வேண்டும், அவ்வளவுதான். சூரிய ஒளி நம்மை வந்தடைய எட்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும், அங்கே கிடைக்கும் என்று பாய்ந்தேன். எழுதிக் கொடுத்த புண்ணியவான் "ஏறத்தாழ ஐந்நூறு நொடிகள்" என்று எழுதியிருந்தார். புதன் சூரியனை ஒரு சுற்றுச் சுற்ற எண்பத்தெட்டு நாள். வெட்டி ஒட்டிக் கேட்டேன். "கோள்கள் மொத்தம் தெட்டு."

நம் மொழியில் இது ஒரு சிக்கல். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் தனியாக நடந்து வராது; முன்னால் போகிற மெய்யெழுத்தின் தோளில் ஏறிக்கொள்ளும். அக்காவோ எல்லாவற்றையும் அழகாகச் சேர்த்துச் சேர்த்துப் படிக்கிறவர். சனியின் பழைய கணக்கான பதினெட்டு நிலவுகளிலிருந்து எடுத்தது ‘நெட்டு’ என்று வந்தது. ‘மனித அறிவுக்கெட்டும் வரை’ என்று ஓரிடத்தில் வருகிறது. அதிலிருந்து வந்ததைச் சொல்லவே வேண்டாம்.

வாசலில் டம்ளரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன் தலையை நீட்டினார். "என்ன தம்பி, முதல்ல தெட்டு, அப்புறம் நெட்டு. இப்ப கோள்கள் மொத்தம் கெட்டுங்குது. எல்லாமே கெட்டுப்போச்சுன்னா நாளைக்குக் கதவத் திறக்கணுமா வேண்டாமா?"

"அண்ணே, ஒரு எட்டு கிடைக்க மாட்டேங்குது."

"நான் வேணா சொல்லட்டுமா?" அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "எட்ட்ட்டு" என்றார். பேருந்து வழித்தடத்தைக் கூவியதுபோல இருந்தது.

வியாழக்கிழமை காலையில் கிடைத்தது. "எட்டும் தூரத்தில் இருப்பது நிலவு ஒன்றுதான்." வாக்கியத்தின் தொடக்கம், அதற்கு முன் நான்கு நொடி வெறும் இசை. ஒட்டிக்கொள்ள முன்னால் எந்த மெய்யும் இல்லை. கடைசி ‘ம்’மை நறுக்கினால் கையில் இருப்பது சுத்தமான எட்டு. ஒட்டிக் கேட்டேன். எழுந்து அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தேன். மீண்டும் கேட்டேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல் இருந்தது. மதிய இடைவேளையில் நேராகக் கவுன்டருக்குப் போய், மேடம் சொன்னதையும் சொல்லி, அக்காவைக் கையோடு கூட்டி வந்தேன்.

என் அறை குவிமாடத்தின் பின்புறம் ஒட்டிக்கொண்டிருக்கிற மரப்பெட்டி மாதிரி. அரங்கைப் பார்க்க ஒரு கண்ணாடித் தடுப்பு, இரண்டு திரைகள், சத்தம் போடுகிறது என்று நிறுத்திவைத்த ஒரு மின்விசிறி. அக்கா முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக்கொள்ளாமல் கொஞ்சம் தள்ளியே பிடித்துக்கொண்டார். ஓட்டினேன். ஒரு விரலைக் காட்டினார், இன்னொரு முறை. மறுபடியும் ஒரு விரல். மூன்றாவது முறை முடிந்ததும் ஹெட்ஃபோனை மேசையில் வைத்தார்.

"இது எட்டு இல்ல."

"வேற என்னக்கா?"

"எட்டும்-ல இருந்து வெட்டியிருக்க." மூச்சு வாங்கினார். "உதடு குவியுது. எண்ணுன்னா குவியாது."

நான் சொல்லிப் பார்த்தேன். எட்டும். எட்டு. கண்ணாடித் தடுப்பில் என் முகம் தெரிந்தது. எட்டும் என்னும்போது உதடுகள் ஒரு கணம் வட்டமாகின்றன. எட்டு என்னும்போது கடைசி உகரம் பாதியிலேயே தேய்ந்துவிடுகிறது. உதடு சும்மா கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரம் என்று மனப்பாடம் செய்தது இதுதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இதைக் கண்டுபிடித்த அக்காவின் மேல் எனக்குப் பெருமைகூட வந்தது. ஆனால் அவர் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

"இவ்வளவு நுணுக்கம் யாருக்குக்கா தெரியப் போகுது? மேடத்துக்கே தெரியாது."

"அவருக்குத் தெரியும்."

"யாருக்கு?"

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. கடைசி வரிசை. நீ பார்த்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். அவருடைய கணவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். வெள்ளிதான் வார விடுமுறை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கரி நிற்கும் கைகள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். ஊழியர் குடும்பம் நேராக உள்ளே போகலாம், அவர் போகமாட்டார். வரிசையில் நின்று, அக்காவிடமே டிக்கெட் வாங்கிக்கொண்டு, கதவுக்கு நேர் எதிரே கடைசி வரிசையின் ஓரத்தில் உட்காருவார். நட்சத்திரப் பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

"ரெண்டு வருஷமா வர்றார்" என்றார் அக்கா. "என்கிட்ட டிக்கெட் வாங்கிட்டு, உள்ள போய், அவளக் கேட்டுட்டு வர்றார்."

"அவளா? அது நீங்கதானேக்கா!"

"நீ சொல்ற." கையால் தொண்டையை ஒரு முறை தொட்டுக்கொண்டார். "வீட்டுல நான் வாயத் தொறந்தா, பேசாத, பேசாத, வலிக்கும்ங்கறார். வேணுங்கறத எழுதிக் காட்டுன்னு சிலேட்டு வாங்கி வெச்சிருக்கார். அக்கறைதான். தப்பா ஒரு வார்த்த சொன்னதில்ல." நீண்ட மூச்சு. "அதான் சண்டகூடப் போட முடியல."

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அக்கா என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் காற்று வெளியேறுகிற சத்தம் கேட்டது.

"காட்சி ஓடும்போது நடக்கறீங்களே..."

"கவுன்டர்ல சுவர் வழியாக் கேக்கும்" என்றார். எழுந்துகொண்டார். "அந்தப் புது ஆள் வரட்டும் தம்பி. நானும் நாலு மணிக்குக் கவுன்டர் நாற்காலில உக்காந்து பார்க்கணும்."

கதவு மூடியது. அன்று பிற்பகல் எந்த வேலையும் ஓடவில்லை. இரண்டரை மணிக் காட்சியில் செவ்வாய்க்குப் பதில் வெள்ளியைப் பெரிதாக்கிவிட்டேன். குரல் சிவந்த பாலைவனம் என்கிறது, மேலே வெளேரென்று மேகம். யாரும் கத்தவில்லை என்பது அதைவிட உறுத்தியது. நான்கு மணிக் காட்சியின்போது கண்ணாடி வழியாகப் பார்க்காமல் பக்கவாட்டு ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்தேன். அக்கா நடந்துகொண்டிருந்தார். கேட்டிலிருந்து வேப்பமரம் வரை, திரும்பி கேட் வரை. உள்ளே இளமையான குரல் நெப்டியூனில் வீசும் காற்றைப் பற்றி ஒரு திணறலும் இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக நான் இதைத்தான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன். புளூட்டோவை வைத்து ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று யோசித்தேன். பெயரை மாற்றினாலும் அது தன் பாட்டுக்கு இருநூற்று நாற்பத்தெட்டு வருடத்துக்கு ஒரு முறை சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது என்கிற மாதிரி. சொல்லியிருந்தால் முக்காலியால் அடித்திருப்பார். அக்கா புளூட்டோ இல்லை. அவருக்குப் பக்கத்தில் ஒருவர் வாழ்கிறார், கையில் சிலேட்டைக் கொடுத்துவிட்டு.

வெள்ளிக்கிழமை காலை, புதுக் குரலையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காக மேடத்தின் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. தலைமை அலுவலகத்தில் கூட்டம், நேராக நாலு மணிக்கு அரங்குக்குத்தான் வருவார் என்றார்கள். நான் திரும்பி வந்து ஒன்றையும் வெட்டாமல், ஒன்றையும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தேன். ‘மொத்தம்’ என்ற சொல்லுக்குப் பிறகு திரையில் ஒரு வெற்றிடம் கோடாகக் கிடந்தது.

மூன்று இருபதுக்குக் கதவு திறந்தது. அக்கா உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். கவுன்டரில் ‘சற்று நேரத்தில் வருகிறேன்’ பலகையை மாட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஒரு வார்த்ததான். ஓட்டு."

"அக்கா, நேத்து நீங்கதானே..."

"ராத்திரி முழுக்கத் தூக்கம் வரல. நானே என்னை எடுத்துக் குப்பையில போடுவானேன்? ஓட்டு."

பதிவை ஓடவிட்டேன். முதல் முறை வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது முறை பாதியில் இருமல். தண்ணீர் கொடுத்தேன், தள்ளிவிட்டார். தோள் இரண்டையும் தளரவிட்டு, கண்ணை மூடி, இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கக்கூடிய அதே நேரான முதுகோடு உட்கார்ந்தார். ஐந்தாவது முறை வந்தது. எட்டு. கரகரவென்று, நடுவில் லேசாக உடைந்து, ஆனால் முழுதாக. உதடு குவியவில்லை. திரையில் அக்காவின் பழைய குரல் மலைத்தொடர் மாதிரி மேடும் பள்ளமுமாக வழவழவென்று போகும். இது அவற்றின் நடுவே ஒரு புல்புதர் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது.

"காத்து அதிகமா இருக்குக்கா. மென்பொருள்ல எடுத்துடலாம், பாதிக்கு மேல குறைச்சிடுவேன்."

"எதுக்கு? அதுவும் என்னோடதுதான்."

"மேடம் வந்து உக்காருவாங்க. ஒரு தப்பு இருந்தாலும்..."

"எட்டு தப்பா?"

சேமித்தேன். அக்கா தாழ்ப்பாளை நீக்கினார். வெளியே வரிசை நின்றுவிட்டிருந்தது. பலகைக்கு முன்னால், இரண்டாவதாக, வெள்ளைச் சட்டை.

நான்கு மணிக்கு விளக்குகளை மெல்ல இறக்கினேன். ஐம்பது பேர் இருக்கலாம். மேடம் நான்காவது வரிசையில் மடியில் ஒரு குறிப்பேட்டோடு. கதவின் கனத்த திரை இழுக்கப்பட்டது. அந்தி, முதல் நட்சத்திரம், பிறகு முழு வானம். குரல் எழுந்தது. நான் விசைகளின் மேல் கை வைத்துக்கொண்டு, கண்ணாடித் தடுப்பில் நெற்றியை ஒட்டிக்கொண்டிருந்தேன். சூரியன் நடுவில் வந்தது. அதற்குள் பத்து லட்சம் பூமிகளை அடைக்கலாம் என்றது குரல். ஒரு குழந்தை "அம்மாடி" என்றது.

"சூரியனைச் சுற்றி வரும் கோள்கள் மொத்தம்," என்றது, பளிங்குபோல.

"எட்டு."

பன்னிரண்டு ஒலிபெருக்கிகளிலிருந்தும் அந்த மணல் ஒரே நேரத்தில் உதிர்ந்தது. எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து அடக்கினாள். மேடம் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கிக் குவிமாடத்தைப் பார்த்தார். பேனாவை எழுதவும் இல்லை, மூடவும் இல்லை. இசை தொடங்கி விளக்குகள் வரிசையாக ஏறின. புதன், வெள்ளி, பூமி. பழைய குரல் ஒன்றுமே நடக்காததுபோல, சூரியனுக்கு அருகிலேயே இருப்பதால் புதனைக் காண்பது அரிது என்று ஆரம்பித்தது.

கடைசி வரிசையில் அவர் எழுந்து நின்றுவிட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்து, ஏதோ மன்னிப்புச் சொல்லி, சுவரோரம் வந்தார். கவுன்டருக்குப் போகிற கதவு நேர் எதிர்ப்பக்கம். இடையில் இருட்டும் நாற்காலிகளும். யாராவது எழுந்தால் தரையில் சிறு விளக்கைப் போட்டுக் காட்ட வேண்டியது என் வேலை. விளக்கின் விசை எங்கே என்று என் கை மேசையைத் துழாவிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் காத்திராமல் ஒரு உள்ளங்கையைச் சுவரில் பதித்துக்கொண்டு, வட்டமான அந்தச் சுவரைத் தடவியபடியே, திரைச்சீலை கையில் படுகிறதா என்று பார்த்துப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். குவிமாடத்து வானம் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. எட்டு வெளிச்சப் புள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் ஏறி, தோளைத் தாண்டி, இறங்கிப் போயின.